அடுப்படியில் ஓடிய லாரி

சந்தனசாமிக்கு மாட்டு வண்டி ஓட்டத் தெரியும். வேறொன்றும் தெரியாது. இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் அவன் பெண்டாட்டி கெர்ட்ரூட்தான். ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் தோட்டத்து ஆபீஸ் வாசலில், கணக்கு வழக்குப் பார்க்கிற கிராணி ஜெயபாலன் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

விஷயம் இதுதான். அது முப்பத்தோராம் வருஷம். ரப்பர் விலை படுத்த படுக்கையாகக் கிடந்தது. மலாயாவில் தெப்ராவ் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கழித்து, சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆத்தங்கரைத் தோட்டத்துத் துரை மட்டும் சும்மா இருப்பாரா? நாலு மாட்டு வண்டிகளையும் எட்டு மாடுகளையும் விற்றுத் தள்ளிவிட்டு, எங்கேயோ ஓடித் தேய்ந்த ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மற்ற மூன்று வண்டிக்காரர்களும் கப்பலேறியாயிற்று. பாக்கி சந்தனசாமி ஒருவன்.

"தொரை ஒரு வழி சொல்லியிருக்காரு," என்றார் கிராணி. "லாரி ஓட்ட மனோகரன் வந்திருக்கான்ல, அவன் மாசக் கடைசி வரைக்கும்தான். அதுக்குள்ள நீ போலீஸ்ல சோதனை குடுத்து லைசன் எடுத்துட்டா லாரி ஒனக்கு. ரோடும் லோடும் தெரிஞ்ச ஆளு நீ. எடுக்கலன்னா மனோகரனோட மச்சான் வருவான். நீங்க ரெண்டு பேரும் கப்பல்."

"எத்தன நாளு இருக்குங்கய்யா?" என்று கேட்டது கெர்ட்ரூட்தான்.

"இருவத்தோரு நாளு. மனோகரன் சொல்லிக் குடுப்பான்."

கெர்ட்ரூட் நாலு வயதில் இந்தக் கரைக்கு வந்தவள். அந்தக் கரையில் அவளுக்கு ஒரு வாசல் கிடையாது, வா என்று சொல்ல ஒரு வாய் கிடையாது. அவள் ஆத்தாளைப் புதைத்ததும் இங்கேதான், அவள் தாலி கட்டிக்கொண்டதும் இந்தத் தோட்டத்து மாதா கோயிலில்தான். ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்கிறார்களே, எந்த ஊருக்கு? அவள் அந்த ராத்திரி ஒன்றே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு படுத்தாள். இந்த மனுஷனை லாரி ஓட்ட வைத்தே தீருவது.

மனோகரன் பாடம் சொல்லிக் கொடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள், "லாரியக் கழுவு," என்றான். இரண்டாம் நாள், "நேத்து சரியாக் கழுவல," என்றான். மூன்றாம் நாள் சந்தனசாமி முன்பக்கம் ஏறி உட்காரப் போனால், "சேத்துக் காலோட இங்க ஏறாத! பின்னால சரக்கோட ஏறு!" என்று விரட்டினான். தலையில் சாய்த்து வைத்த தொப்பி, வாயில் சுருட்டு, மச்சானுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற தவிப்பு. இவனா சொல்லிக் கொடுப்பான்? அவன் சொல்லிக் கொடுக்கிற வரைக்கும் காத்திருந்தால் கப்பலில் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாலாம் நாள் மத்தியானம் கெர்ட்ரூட்டுக்கு வழி கிடைத்தது. காலையில் ரப்பர்ப் பால் இறக்கப் பால்மரம் வெட்டி முடித்ததும் அவள் தெப்ராவ் முச்சந்தியில் யஹ்யா பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மசாலா அரைத்துக் கொடுப்பாள். அந்தக் கடையில்தான் ஜொகூர் பாருவுக்குப் போகிற வருகிற டிரைவர்மாரெல்லாம் நிறுத்தித் தேத்தண்ணி குடிப்பார்கள். குடிப்பது ஒரு கிளாஸ், பீற்றிக்கொள்வது ஒரு மணி நேரம். இத்தனை வருஷம் அம்மியோடு அம்மியாக உட்கார்ந்து அந்தப் பீற்றலைக் காதில் வாங்காமலே இருந்திருக்கிறாளே! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"சொல்லிக் குடுங்க" என்று கேட்டால் எந்த டிரைவரும் சொல்ல மாட்டான். அதை அவள் மனோகரனிடம் பார்த்தாயிற்று. அதனால் குழவியை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். "என்னமோ பெரிய வித்தை மாரி பேசுறீங்களே. குந்துன எடத்துல சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு ஊரச் சுத்துறது ஒரு வேலையா? ஒரு நாள் மாட்ட ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும்."

அவ்வளவுதான். கார் ஓட்டுகிற லெட்சுமணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்னாக்கா சொன்னீங்க? வாங்க, வந்து பாருங்க!" என்று மேசை மேல் மூன்று கிளாசை வரிசையாக வைத்தான். "இடது ஓரம் கிளச்சு. நடுவுல பிரேக்கு. வலது ஓரம் எண்ணெய், அமுக்க அமுக்க வேகம். கிளச்ச மிதிக்கணும், கியரப் போடணும், கிளச்ச மெல்ல விட்டுக்கிட்டே எண்ணெய மெல்ல அமுக்கணும். ஒண்ணு மேல வர்றப்ப ஒண்ணு கீழ போவணும். டக்குனு விட்டா வண்டி செத்துப் போயிரும்!"

"அட, இவ்வளவுதானா?" என்று கெர்ட்ரூட் உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்வளவுதானாவா!" பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் எழுந்தே வந்துவிட்டார்கள். ஒருவன் கரண்டியை எடுத்துக் கியர் போட்டுக் காட்டினான். இன்னொருவன் வண்டி பின்னால் எடுப்பதைத் தட்டை நகர்த்திக் காட்டினான். கடைக்குள் ஒரே கூச்சல். ஆளுக்கு ஆள் திருத்திக்கொண்டார்கள், மேட்டில் எப்படி, பள்ளத்தில் எப்படி, மழையில் எப்படி என்று மாறி மாறிக் கொட்டினார்கள். அவள் மசாலா அரைக்கிற பாவனையில் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள். யஹ்யா பாய் கெட்டிக்காரர். தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் அவள் பக்கமாகக் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் கிண்டு புள்ள, கியர் பாடம் இன்னும் முடியல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் வீட்டு அடுப்படி லாரியாகிவிட்டது. சந்தனசாமி உட்காரப் பலகைப் பெட்டி. கையில் சக்கரமாகச் சுளகு. இடது கைப் பக்கம் உரலும் அதற்குள் நிறுத்திய உலக்கையும் கியர். காலடியில் மூன்று தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் எழும்பும். இடது கிளச்சு, நடு பிரேக்கு, வலது எண்ணெய்.

"இது என்னாடி கூத்து? எவனாச்சும் பாத்தான்னா?"

"பாக்கட்டும். மிதிங்க."

முதல் நாள் அவன் செய்த கூத்தைச் சொல்லி மாளாது. "நிறுத்துங்க!" என்று அவள் கத்தினால் போதும், சுளகை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு இழுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, "ஹோ! ஹோ!" என்பான். இருபது வருஷம் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை அல்லவா. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாடு இல்லங்க! அதுக்குக் காது இல்ல! காலால சொல்லணும்!"

நாள் ஆக ஆகக் காலுக்கும் காது முளைத்தது. அவள் கத்தினால் நடு மட்டையில் போய் விழுந்தது கால். ஆனால் அந்தக் கிளச்சும் எண்ணெயும் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று மேலே வரும்போது ஒன்று கீழே போகவேண்டும் என்றால் அவனுக்கு இரண்டும் சேர்ந்து மேலே வந்தன, இல்லாவிட்டால் சேர்ந்து கீழே போயின. கெர்ட்ரூட் செய்து காட்டுவாள். செய்து காட்டச் செய்து காட்ட அவளுக்குத்தான் பழகியது. காலையில் மரம் வெட்டப் போகிற இடத்தில்கூட நின்ற நிலையில் சருகை மிதித்து எழுப்பி மிதித்து எழுப்பிப் பார்ப்பாள். பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிற பேச்சியம்மாள், "காலுல எறும்பு ஏறிடுச்சா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை கோயில் கூட்டுகிற முறை கெர்ட்ரூட்டுடையது. உள்ளே கிராணி ஐயாவின் சம்சாரம் டொரத்தியம்மா ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ஆர்மோனியத்தில் பழகிக்கொண்டிருந்தார். கால் மிதி வைத்த பெரிய ஆர்மோனியம். கெர்ட்ரூட் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மாவின் இடது கால் மேலே வந்தது, வலது கால் கீழே போனது. வலது மேலே, இடது கீழே. பாட்டு ஒரு துளி உடையாமல் ஓடியது. ஐயோ, இதுதானே! இதுவேதானே! அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் டொரத்தியம்மாவுக்கு மூக்கு சிவந்தது. "கோயிலுக்குள்ள லாரி ஓட்டணுமா? என்ன தைரியம் ஒங்களுக்கு!"

"அம்மா, ஒரே ஒரு தடவ. இல்லன்னா நாங்க கப்பல்ல போயிருவோம்மா."

டொரத்தியம்மா ஒரு நிமிஷம் பீடத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். சந்தனசாமி உட்கார்ந்து மிதிக்க, அந்த அம்மா கட்டைகளை அழுத்தினார். முதலில் ஆர்மோனியம் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது. "காத்து நிக்குது! இடது கால மெதுவா எடுங்க! மெதுவான்னா மெதுவா! இப்ப வலது! அய்யய்யோ, மறுபடியும்!" பத்து நிமிஷத்தில் அந்த அம்மாவுக்கும் வெறி பிடித்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காலால் தாளம் தட்டினார். அரை மணி நேரம் கழித்து ஒரு முழு ஞானப்பாட்டு தட்டுத் தடங்கலில்லாமல் வெளியே வந்தது. கெர்ட்ரூட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தனசாமி தன் கால்களை இன்றைக்குத்தான் பார்க்கிறவன் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படியே தினமும் மத்தியானம் யஹ்யா பாய் கடை, சாயங்காலம் அடுப்படி, டொரத்தியம்மா விட்டபோதெல்லாம் ஆர்மோனியம். பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் கிராணி ஐயா, "புதன்கிழமை சோதனை. அதுக்கு முன்னால ஒரு தடவ நான் கண்ணால பாக்கணும்," என்று சொல்லிப் பந்து விளையாடுகிற திடலுக்கு லாரியைக் கொண்டுவரச் சொன்னார். தோட்டமே கூடிவிட்டது. மனோகரன் கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான். அவன் முகத்தில் ஒரு புன்சிரிப்பு. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்று கெர்ட்ரூட் பிறகு எத்தனையோ தடவை சொன்னாள்.

சந்தனசாமி ஏறி உட்கார்ந்தான். கிளச்சை மிதித்தான், கியரைப் போட்டான், இடது காலைப் பஞ்சாக எடுத்தான். பதற்றத்தில் எண்ணெயை மிதிக்கவே மறந்துவிட்டான், ஆனால் திடலின் இறக்கமே வண்டிக்குப் போதுமாக இருந்தது. வண்டி இரண்டு தரம் உறுமிவிட்டு நகர்ந்தது. நகர்ந்ததா! திடல் முழுக்க விசில் பறந்தது. லாரி ஓட்டியே அறியாதவன் முதல் தடவையிலேயே நகர்த்திவிட்டான். இரண்டாம் கியரும் விழுந்தது. கெர்ட்ரூட் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு குதித்தாள்.

திடலின் எல்லை வந்தது. "நிறுத்து!" என்று கிராணி கையைத் தூக்கினார்.

சந்தனசாமி நடுவிலிருந்ததை ஓங்கி மிதித்தான். லாரி பாய்ந்தது. அவன் இன்னும் ஓங்கி மிதித்தான். அது இன்னும் பாய்ந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். அவன் சக்கரத்தை நெஞ்சுக்கு இழுத்து, பின்னால் சாய்ந்து, "ஹோ! ஹோவ்! ஹோ!" என்று தோட்டமே அதிரக் கத்தினான். "என் வாழை! என் வாழை!" என்று டொரத்தியம்மா அலறியதும், கிராணி வீட்டு வாழைக் கூட்டத்துக்குள் லாரி முட்டி நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தது. இரண்டு குலை மேலே விழுந்தது. உயிர்ச் சேதம் இல்லை, வாழைக்குத்தான்.

மனோகரன் மரத்தடியில் உட்கார்ந்தே விட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்த லாரி பழைய மாதிரி. எண்ணெய் நடுவுல, பிரேக்கு வலது ஓரம். அலமாக்! எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"கேக்க விட்டீங்களா?" கெர்ட்ரூட் அவன் முன்னால் போய் நின்றாள். "பதினெட்டு நாளா வாளியும் துணியும் தவிர வேற எதையாச்சும் தொட விட்டீங்களா?"

மனோகரன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். கிராணி ஐயா வாழைச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். "புதன்கிழமை வரைக்கும் இந்த லாரிய நீ தொடக்கூடாது சந்தனசாமி. சோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். அது என் வாக்கு. அதுக்கு மேல கடவுள் விட்ட வழி."

வீட்டுக்கு வந்ததும் சந்தனசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். "விடு. மூட்ட கட்டு," என்றான்.

"என்னத்தக் கட்டுறது? கடைக்கு வர்ற டிரைவருங்க கார்ல நடுவுல பிரேக்கு இருக்கு, சொன்னாங்க. நம்ம லாரியில இல்லன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கியர் விழுந்துச்சா இல்லையா? வண்டி நவுந்துச்சா இல்லையா? ஒரே ஒரு மட்டைதான மாறணும்!"

"கால் மறக்காதுடி. இத்தன நாளு அடிச்சு அடிச்சுப் பழக்கிட்ட. இனி நீ கத்துனா அது நடுவுலதான் போயி விழும்."

அது உண்மைதான். மட்டையை மாற்றி வைத்துக் கத்திப் பார்த்தாள். பத்துக்குப் பத்துத் தடவையும் கால் நடுவில்தான் விழுந்தது. புத்தி வலது என்கிறது, கால் நடு என்கிறது. கற்றுக்கொடுக்க வழி தெரிந்தவளுக்கு, கற்றதை மறக்கடிக்க வழி தெரியவில்லை. வாசலில் போய் நின்றாள். அது டுரியான் என்கிற முள்ளுப் பழத்தின் காலம். பக்கத்து வீட்டில் தின்றுவிட்டுப் போட்ட ஓடுகள் குவிந்து கிடந்தன. அவள் பார்த்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நடு மட்டையின் மேல் முள் பக்கம் மேலாக வைத்தாள்.

"நீ மனுஷிதானா?" என்றான் சந்தனசாமி.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் கெர்ட்ரூட்.

அன்றைக்கு அந்த லயத்து வீட்டு வரிசையில் கேட்ட கூக்குரலைப் பேச்சியம்மாள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காலில் ரத்தம், அவளுக்குக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் விடவில்லை. ஞாயிறு சாயங்காலம் முப்பது தடவை குத்து வாங்கினான். திங்கட்கிழமை நாலு தடவை. செவ்வாய்க்கிழமை எப்படிக் கத்தினாலும், எப்போது கத்தினாலும், சோறு தின்னும்போது கத்தினால்கூட, கால் வலது ஓரத்துக்கே போனது. கெர்ட்ரூட் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை மனோகரன் லாரியை ஜொகூர் பாருவுக்கு ஓட்டி வந்தான். கிராணி முன்னால், இவர்கள் இரண்டு பேரும் பின்னால். கடலைப் பார்த்த போலீஸ் திடலில் இரண்டு தகர டிரம்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மலாய் இன்ஸ்பெக்டர், மீசை முறுக்கிய ஆள், ஏறிச் சந்தனசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஜாலான்," என்றார். போ என்று அர்த்தம்.

லாரி உறுமியது. சந்தனசாமி கிளச்சை எடுத்தான். லாரி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் செத்தது.

மறுபடி கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினார்கள். மறுபடி செத்தது. மூன்றாம் தடவையும் செத்தது. மனோகரன் சும்மா நின்றான், சிரிக்கக்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு விரலைத் தூக்கி, "செகாலி லாகி," என்றார். இன்னும் ஒரே தடவை. எஞ்சினை மறுபடி சுற்றிக் கிளப்பினார்கள்.

கெர்ட்ரூட் திறந்திருந்த கதவு வழியாகப் புருஷனின் காலைப் பார்த்தாள். இடது கால் ஒழுங்காகத்தான் மேலே எழும்பத் தொடங்கியது. வலது கால் நடுவிலிருந்த எண்ணெய்க்கு மேலே வந்து, ஒரு விரற்கடை தூரத்தில் நின்று நடுங்கியது. இறங்கவில்லை. தப்பு அவளுடையது! நிறுத்த மட்டும் பழக்கினாளே, போக எதை மிதிப்பது? அந்த நடு மட்டையையே முள்ளாக்கிக் காலுக்குப் பயத்தை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டாளே. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவையாவது அவன் அதை ஆசையாக மிதித்தானா? இல்லை. அதை அவள் யோசிக்கவே இல்லை.

"துவான், செக்கெஜாப்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஒரு நிமிஷம் ஐயா என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். போலீஸ்காரன் ஒருவன் தடுக்க வந்தான். அவள் அதற்குள் லாரிப் படியில் ஏறிக் குனிந்து, உள்ளே கையை விட்டு, நடுவிலிருந்த அந்த இரும்பின் மேல் தன் உள்ளங்கையை மல்லாத்தி வைத்தாள்.

"என் கைய மிதிங்க," என்றாள்.

"கெர்ட்ரூட், கைய எடு."

"முள்ளு இல்ல. பாருங்க, என் கைதான். மிதிங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மெல்ல, ரொம்ப மெல்ல, தழும்பேறிய அந்தக் கால் இறங்கி அவள் கை மேல் உட்கார்ந்தது. பெண்டாட்டி கையை எவன் ஓங்கி மிதிப்பான்? பாரம் போடாமல், பூப்போல அழுத்தினான். எஞ்சின் இதுவரை இல்லாத மாதிரி இதமாக முனகியது. அந்த அழுத்தம்தான்! அதே அழுத்தம்தான் அந்த லாரிக்கு வேண்டியது. அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். கால் இரும்பின் மேலேயே இருந்தது. முனகல் மாறவில்லை.

"இப்புடியே," என்றாள். "இப்புடியே போங்க." படியை விட்டுக் குதித்தாள்.

லாரி போனது! குலுக்காமல், செத்துப்போகாமல், தண்ணீரில் தோணி போவது போலப் போனது. திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. திடீரென்று இன்ஸ்பெக்டர் "பெர்ஹென்தி!" என்று கத்தினார். நில் என்று அர்த்தம். கெர்ட்ரூட் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது. டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார்கள். மாட்டையும் வண்டியையும் சேர்த்து ஸ்டோர் சந்துக்குள் பின்னால் தள்ளினவனுக்கு அது ஒரு பொருட்டா? டிரம்மில் ஒரு கீறல் விழவில்லை. "ஹோ" என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். அதுவும் வாய்க்குள்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, எத்தனை நாள் ஓட்டிப் பழகினான் என்று கிராணியிடம் கேட்டார். கிராணி திருப்பிக் கேட்டதும் சந்தனசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "லாரியிலங்களா? ஒரு நாளுங்கய்யா. அடுப்படியில பதினேழு நாளு."

கிராணி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அந்த மீசைக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கெர்ட்ரூட் அங்கேயே புல்லில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வெட்கம் பார்க்காமல் அழுதாள். இனி யாரும் அவளைத் தெரியாத ஊருக்கு அனுப்ப முடியாது.

கிராணிக்கு டவுனில் வேலை இருந்தது. மனோகரனுக்கு வீடே அங்கேதான். சாவியைக் கொடுக்கும்போது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "வழியில அந்தப் பெரிய மேட்டுல ரெண்டாம் கியர் பத்தாது. மொதல் கியருக்குப் போயிரு," என்றான். அவன் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அதுதான். சந்தனசாமி தலையாட்டினான்.

திரும்பி வரும்போது இவர்கள் இரண்டு பேர்தான். கெர்ட்ரூட் முதல் தடவையாக முன்னால் உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது, தலைமுடி அவிழ்ந்து பறந்தது. பெரிய மேட்டில் அவன் முதல் கியருக்குப் போனபோது அவளுடைய கால்கள் இரண்டும் தாமாகவே தரையை மிதித்து எழும்பின. அவன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான்.

தோட்டத்துச் செம்மண் ரோட்டுக்குத் திரும்பியதும் லாரியை ஓரம் கட்டினான். இறங்கி இந்தப் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்தான்.

"என்னங்க? என்ன ஆச்சு? டயரா?"

"தள்ளி அந்தப் பக்கம் ஒக்காரு."

"நானா? பைத்தியமா ஒங்களுக்கு? லைசன் இருக்கா எனக்கு?"

"தோட்டத்து ரோட்டுல என்ன லைசன்? காருக்காரன்கிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சது யாரு? செஞ்சு காட்டுனது யாரு? ஊருல எல்லாரும் என்னத்தான் பாராட்டுவாங்க. எனக்குத் தெரியாதா யாரு படிச்சதுன்னு? ஒக்காருடி."

கெர்ட்ரூட் நகர்ந்து உட்கார்ந்தாள். சக்கரம் சூடாக இருந்தது. இத்தனை நாளும் அவளுக்கு வேண்டியிருந்தது இந்தக் கரையில் இருக்க ஒரு இடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இல்லவே இல்லை. இதுவும்தான் வேண்டியிருந்தது. இது எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

கிளச்சு. கியர். இடது கால் மேலே வந்தது, வலது கால் நடுவில் இறங்கியது. லாரி நகர்ந்தது. ஒரு தடவைகூடச் சாகவில்லை. வேலை முடிந்து வாளியும் கையுமாக வந்துகொண்டிருந்த பெண்கள் ரோட்டோரம் ஒதுங்கி நின்று, யார் ஓட்டுவது என்று பார்த்தார்கள். பேச்சியம்மாளின் கையிலிருந்த வாளி நழுவி உருண்டது.

"ஐயோ, போவுதுங்க! போவுதுங்க!" என்று கெர்ட்ரூட் கத்தினாள்.

"நீ ஓட்டுனா போவாம என்ன செய்யும்?" என்றான் சந்தனசாமி.

அவள் எண்ணெயை இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.